பசித்த நேரத்து நொதி

கொழுப்பு உடலுக்குள் எப்படி எரிகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அதற்காக நாய்களின் சிறுநீரை ஆராய்ந்தார். 1904. ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரம். ஃபிரான்ஸ் க்னோப் என்ற இளம் ஆய்வாளர் முன்னால் ஒரு சிக்கல் இருந்தது. கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. அதை உண்ணக் கொடுத்தால் உடல் மிச்சமில்லாமல் எரித்து, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் வெளியேற்றிவிடும். இடையில் என்ன நடந்தது என்பதற்குத் தடயமே மிஞ்சாது. கதிரியக்க அணுக்களை விட்டுப் பின்தொடரும் உத்திகள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முந்தைய காலம் அது.

க்னோப் சங்கிலியின் கடைக்கோடியில் ஒரு பென்சீன் வளையத்தை ஒட்டவைத்து நாய்களுக்குக் கொடுத்தார். இப்படி ஒட்டிய பென்சீன் வளையத்தை உடலால் எரிக்க முடியாது. சங்கிலி எவ்வளவு கரைந்தாலும் வளையமும் அதை ஒட்டிய மிச்சமும் சிறுநீரில் வந்தே ஆக வேண்டும். வந்தன. சங்கிலியில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் இருந்தபோதெல்லாம் பென்சாயிக் அமிலத்தின் வழிப்பொருள் கிடைத்தது; இரட்டைப்படையாக இருந்தபோதெல்லாம் ஃபினைல் அசிட்டிக் அமிலத்தின் வழிப்பொருள். சங்கிலியின் நீளம் மாறினாலும் மிச்சம் இந்த இரண்டில் ஒன்றுதான். கரும்பை நுனியிலிருந்து இரண்டிரண்டு கணுவாக நறுக்கிக்கொண்டே வருவது போல, உடல் கொழுப்பு அமிலத்தை இரண்டிரண்டு கார்பனாக நறுக்குகிறது என்று க்னோப் முடிவு செய்தார். பெரிய கருவி எதுவும் இல்லாமல், ஒற்றை இரட்டைக் கணக்கை மட்டும் வைத்துச் செய்த இந்தச் சோதனையை உயிர்வேதியியலின் மிக அழகான சோதனைகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

பின்னால் வந்தவர்கள் விவரங்களை நிரப்பினார்கள். 1940களின் இறுதியில் யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் இந்த வேலை நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா என்று காட்டினார்கள். வெட்டி எடுக்கப்படும் இரண்டு கார்பன் துண்டு கோ-என்சைம் ஏ என்ற பொருளோடு பிணைந்து, அசிட்டைல் கோ-ஏ என்ற வடிவில் வெளிவருகிறது. அதை அடையாளம் கண்ட ஃபியோடர் லைனென் 1964-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெய்யிலும் பாமாயிலிலும் உள்ள பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன்கள்; ஏழு முறை வெட்டினால் எட்டுத் துண்டு.

ஒவ்வொரு வெட்டுக்கும் நான்கு படிகள் உண்டு. முதல் படியில் சங்கிலியிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை உருவ வேண்டும். இதைச் செய்யும் நொதிகள் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்து வேறுபடுகின்றன. மிக நீண்டதற்கு ஒன்று, குட்டையானதற்கு ஒன்று, நடுவில் ஏறத்தாழ ஆறு முதல் பன்னிரண்டு கார்பன் வரையிலானதற்கு ஒன்று. அந்த நடு நொதியின் முழுப்பெயர் மீடியம் செயின் அசைல் கோ-ஏ டிஹைட்ரஜனேஸ். மருத்துவர்கள் சுருக்கி எம்கேட் என்கிறார்கள். நான்கு ஒரேமாதிரிப் புரதங்கள் சேர்ந்து ஒரு நொதியாகின்றன. ஒவ்வொன்றும் ரைபோஃபிளேவின் என்ற பி-2 வைட்டமினிலிருந்து உருவான ஒரு துணைப்பொருளைப் பிடித்துவைத்திருக்கும். 16 கார்பன் சங்கிலி 12 ஆகக் குறையும்வரை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதன்பின் எம்கேட் இல்லாமல் வேலை நகராது.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம்வரை இந்த நொதிக்குப் பெரிய வேலை இல்லை. உணவிலிருந்து வந்த குளுக்கோஸ் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அது குறையும்போது கல்லீரல் தான் சேர்த்துவைத்த கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸாக்கி அனுப்பும். வளர்ந்தவர்களின் கல்லீரலில் இந்த இருப்பு 100 கிராம் அளவில் இருக்கும். ஓர் இரவை ஓட்டிவிடலாம். கைக்குழந்தைக்கு அது சில மணி நேரம்தான் தாங்கும். குழந்தையின் மூளையோ உடல் செலவிடும் ஆற்றலில் பாதியைக் கேட்கும்.

இருப்பு கரையும் வேளையில் உடல் கொழுப்பின் பக்கம் திரும்புகிறது. இதயமும் தசைகளும் கொழுப்பு அமிலத்தை நேரடியாக எரித்துக்கொள்ளும். மூளையால் அது முடியாது என்பதால் கல்லீரல் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றித் தருகிறது. அதே நேரத்தில் லாக்டேட், அமினோ அமிலங்கள் போன்றவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸையும் கல்லீரல் செய்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றலும், அந்த வேலையை முடுக்கிவிடும் அசிட்டைல் கோ-ஏயும் கொழுப்பு எரிவதால்தான் கிடைக்கின்றன. கொழுப்பு எரியாவிட்டால் கீட்டோனும் இல்லை, புதுக் குளுக்கோஸும் இல்லை. இருக்கிற கொஞ்சக் குளுக்கோஸையும் தசைகள் பங்குபோட்டுக்கொள்ளும்.

எம்கேட் குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். எட்டு மாதம். நன்றாகத் தவழ்கிறது, எடை சரியாக இருக்கிறது, எந்த மருத்துவர் பார்த்தாலும் ஆரோக்கியமான குழந்தை என்றுதான் சொல்வார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடித்தவரை அதன் நொதி பழுதானது என்று தெரிவதற்கு வழியே இல்லை. இரண்டு நாளாகச் சளி. மாலையில் குடித்த பாலை வாந்தி எடுத்துவிட்டது. காய்ச்சலும் அடிக்கிறது, காய்ச்சலில் உடல் இன்னும் அதிக ஆற்றலைச் செலவிடும். குழந்தை அசந்து தூங்குகிறதே என்று பெற்றோர் எழுப்பாமல் விடுகிறார்கள். எந்தப் பெற்றோரும் அப்படித்தான் செய்வார்கள். விடியற்காலையில் தூக்கினால் துவண்டு கிடக்கிறது. கண் திறக்கவில்லை. சிலருக்கு வலிப்பு. இரத்தச் சர்க்கரை அதலபாதாளத்தில். கல்லீரல் கொழுப்பு ஏறி வீங்கியிருக்கும். இவ்வளவு நேரம் பட்டினி கிடந்த குழந்தையின் சிறுநீரில் கீட்டோன் நிறைந்திருக்க வேண்டும். இங்கே பெயருக்குத்தான் இருக்கும்.

இதில் மருத்துவர்கள் தவறவிடக்கூடிய ஓர் அபாயம் உண்டு. பாதி வெட்டிய நிலையில் தேங்கும் நடுத்தரச் சங்கிலிகள் தாமே நஞ்சாகின்றன. அதனால் சர்க்கரை இறங்குவதற்கு முன்பே குழந்தை மயங்கத் தொடங்கலாம். குளுக்கோமீட்டர் சரியான எண்ணைக் காட்டுகிறது என்று நம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அடுத்த சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும்.

1980களின் தொடக்கம்வரை இந்த நோய்க்குப் பெயரே கிடையாது. அதற்கு முன் இறந்த குழந்தைகள் வேறு பெயர்களின் கீழ் புதைக்கப்பட்டார்கள். தூக்கத்தில் இறந்ததால் பலருக்குத் தொட்டில் மரணம் என்று எழுதினார்கள். சிலருக்கு ரேய் நோய் என்று எழுதினார்கள். சிட்னியில் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராக இருந்த டக்ளஸ் ரேய், சாதாரணச் சளிக் காய்ச்சலுக்குப் பின் திடீரென மூளை வீங்கி, கல்லீரலில் கொழுப்பு நிறைந்து நினைவிழந்த 21 குழந்தைகளைப் பற்றி 1963-இல் எழுதியிருந்தார். ஆஸ்பிரினுக்கும் இதற்கும் தொடர்பு தெரிந்து, குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பது நின்றபின் ரேய் நோய் அருகிவிட்டது. அதன்பிறகும் அங்கங்கே வந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, அவர்களில் பலருக்குக் கொழுப்பை எரிக்கும் நொதிகளில் ஏதோ ஒன்று பிறவியிலேயே பழுதாகியிருந்தது. 1982-83இல் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வுக் குழுக்கள் எம்கேட் குறைபாட்டை விவரித்தன. அறிகுறியோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் தாக்குதலிலேயே இறந்துகொண்டிருந்த காலம் அது. பிழைத்தவர்களிலும் சிலருக்கு மூளைப் பாதிப்பு நிலைத்தது.

இந்த நொதிக்கான மரபணு முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. 1990-இல் பல ஆய்வகங்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரே பிழையைக் கண்டுபிடித்தன. மரபணுவின் 985-ஆவது எழுத்தில் அடினின் இருக்க வேண்டிய இடத்தில் குவானின். இந்த ஓர் எழுத்தால் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்தின் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் வந்து உட்காருகிறது. லைசின் நேர்மின் கொண்டது, குளுட்டாமிக் அமிலம் எதிர்மின் கொண்டது. வினை நடக்கும் மையத்துக்கு அந்த இடம் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் புரதம் சரியாக மடிவதற்கும், நான்கு புரதங்கள் ஒன்றோடொன்று சேர்வதற்கும் அந்த லைசின் தேவை. மின்னேற்றம் மாறியதும் புரதம் தடுமாறி மடிகிறது. செல்லின் துப்புரவு ஏற்பாடு அதைக் குப்பை என்று எண்ணிச் சிதைத்துவிடுகிறது. வேதிவினை தெரிந்த நொதி, உருவம் கூடாமலேயே அழிகிறது.

நோயுற்ற ஐரோப்பியக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இரு பெற்றோரிடமிருந்தும் இதே பிழை வந்திருந்தது. பிழையைச் சூழ்ந்துள்ள டி.என்.ஏ. பகுதியும் எல்லாரிடமும் ஒத்திருந்தது. வடமேற்கு ஐரோப்பாவில் என்றோ வாழ்ந்த ஒரு மூதாதையிடம் நேர்ந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாகப் பரவியிருக்கிறது என்று அதிலிருந்து புரிகிறது. பிரிட்டனில் சுமார் 10,000 குழந்தைகளில் ஒன்று இந்தக் குறைபாட்டோடு பிறக்கிறது. அப்படியானால் ஐம்பது பேரில் ஒருவராவது பழுதான ஒரு பிரதியைச் சுமக்கிறார் என்று கணக்கு. அவர்களுக்கு மற்றொரு பிரதி நன்றாக இருப்பதால் எந்தத் தொல்லையும் இல்லை. ஜப்பானில் நோய் அரிது, அங்கே காணப்படும் பிழைகளும் வேறு. நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. எந்தப் பிழையானாலும், அரிதானதாகவே இருந்தாலும், இரண்டு பிரதிகள் ஒரே குழந்தையிடம் சேரும் வாய்ப்பு அப்படிப்பட்ட மணங்களில் கூடும்.

சிகிச்சை என்ன? பட்டினி கிடக்க விடக் கூடாது. அவ்வளவுதான். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை எட்டு மணி நேரம், இரண்டு வயதுவரை பத்து மணி நேரம், அதற்குமேல் பன்னிரண்டு மணி நேரம். உடல்நலம் நன்றாக இருக்கும்போது இவைதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லைகள். வாந்தி, பேதி, காய்ச்சல் என்றால் இந்த எல்லைகள் செல்லாது. உடனே சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்க வேண்டும். வாயில் தங்கவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் எம்.சி.டி. எண்ணெய் கலந்த பால்மாவைத் தவிர்க்க வேண்டும். இந்தக் குழந்தையால் எரிக்க முடியாத நடுத்தரச் சங்கிலிகள்தான் அதில் நிறைந்திருக்கின்றன. மற்றபடி சாதாரணச் சாப்பாடு, சாதாரண வளர்ச்சி. முன்கூட்டியே தெரிந்துவிட்டால் இந்த நோயில் இறப்பு மிக அரிது.

ஆகவே முன்கூட்டித் தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. அதற்கான பாதி வேலையை 1960களிலேயே அமெரிக்கரான ராபர்ட் கத்ரி செய்துவைத்திருந்தார். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு இரத்தத்தை வடிதாள் அட்டையில் ஊறவைத்து, காயவைத்து, தபாலில் அனுப்பும் முறை அவருடையது. அவர் தேடியது வேறொரு நோயை. மீதிப் பாதி டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் மில்லிங்டனின் ஆய்வகத்தில் வந்தது. எரியாமல் தேங்கும் சங்கிலிகளை உடல் கார்னிட்டைன் என்ற பொருளோடு கோத்து இரத்தத்தில் தள்ளிவிடுகிறது. எம்கேட் இல்லாத குழந்தையின் இரத்தத்தில் எட்டு கார்பன் சங்கிலியைச் சுமந்த கார்னிட்டைன் குவிந்திருக்கும். இரட்டை நிறைமானி என்ற கருவியில் அட்டையிலிருந்து வெட்டிய மூன்று மில்லிமீட்டர் வட்டத்தின் சாற்றைச் செலுத்துகிறார்கள். முதல் நிறைமானி மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரிக்கிறது. பின் அவற்றை மோதி உடைக்கிறார்கள். கார்னிட்டைன் சுமந்தவை எல்லாம் உடையும்போது 85 என்ற ஒரே எடையுள்ள துண்டைக் கொடுக்கும். இரண்டாவது நிறைமானி அந்த 85-ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது எந்த எடையிலிருந்து பிறந்தது என்று பின்னோக்கிப் படித்தால் குழந்தையின் கொழுப்பு எரியும் பாதை முழுவதும் ஒரே வரைபடத்தில் தெரிந்துவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் பல பத்து நோய்களுக்கு விடை. 1990களில் தொடங்கிய இந்தச் சோதனை இன்று பல நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் நடக்கிறது. சோதனை பரவியதும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. குழந்தையின் முடிவைப் பார்த்துக் குடும்பத்தைச் சோதித்தபோது, சில தாய்மார்களுக்கும் அண்ணன் அக்காமார்களுக்கும் அதே குறைபாடு இருந்தது. அவர்களுக்கு ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை. நீண்ட பட்டினியும் கடும் காய்ச்சலும் ஒருசேர வராமலே அவர்கள் வளர்ந்திருக்கிறார்கள்.

மரபணுவில் எந்தப் பிழையும் இல்லாத குழந்தைக்கும் இதே நிலை வரலாம். ஜமைக்காவின் தேசியப் பழம் ஆக்கி. மரத்திலேயே பழுத்து வெடித்தபின் உண்டால் கெடுதல் இல்லை. காயாக உண்டால் கடும் வாந்தி, சர்க்கரைச் சரிவு, வலிப்பு, மரணம். அங்கே இதற்கு வாந்தி நோய் என்றே பெயர். 1954-இல் ஹாசலும் ரெயிலும் ஆக்கியிலிருந்து இதற்குக் காரணமான ஹைப்போகிளைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். உடலுக்குள் அது மாறி, எம்கேட் போன்ற டிஹைட்ரஜனேஸ்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. 1976-இல் வாந்தி நோயாளிகளின் சிறுநீரை ஆராய்ந்து கொழுப்பு எரிவது தடைப்பட்டதைக் காட்டியவர் கே தனாகா என்ற ஜப்பானிய மருத்துவர். 1990-இல் எம்கேட் மரபணுவின் பிழையை வெளியிட்ட குழுக்களில் ஒன்றும் அவருடையதுதான். பழத்தால் வந்ததையும் பிறவியில் வந்ததையும் ஒரே மனிதர் இரு முனையிலிருந்தும் பின்தொடர்ந்திருக்கிறார்.

ஆக்கியும் லிச்சியும் பூவந்திக் குடும்பத்து மரங்கள். லிச்சி விதையில் ஹைப்போகிளைசினின் நெருங்கிய உறவான எம்.சி.பி.ஜி. இருப்பதை 1962-இலேயே கண்டிருந்தார்கள். அது அதே பாதையின் அடுத்த படியை முடக்கக்கூடியது. பீகாரின் முசாஃபர்பூர் லிச்சிக்குப் பேர்போன ஊர். 1990களின் நடுவிலிருந்து, ஆண்டுதோறும் அறுவடை நடக்கும் மே, ஜூன் மாதங்களில் அங்கே ஏழைக் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து நினைவிழந்தார்கள். முதல் நாள் மாலைவரை ஓடியாடிய குழந்தைகள். மூளைக்காய்ச்சல் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் வைரஸைத் தேடினார்கள், எதுவும் அகப்படவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான், இது வைரஸ் அல்ல, லிச்சியின் நஞ்சாக இருக்கலாம் என்று முகுல் தாஸுடன் சேர்ந்து 2014-இல் எழுதினார். வாழ்நாளெல்லாம் வைரஸைத் துரத்திய ஒருவர் இங்கே வைரஸ் இல்லை என்று சொல்ல முன்வந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த ஆண்டு இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 குழந்தைகளில் 122 பேர் இறந்தார்கள். இந்திய, அமெரிக்க அறிவியலாளர்கள் அவர்களை ஆராய்ந்து 2017-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியிட்டார்கள். சோதித்த 73 சிறுநீர் மாதிரிகளில் 48-இல் லிச்சி நஞ்சுகளின் சிதைபொருள்கள் இருந்தன. நோயற்ற 15 பேரில் ஒருவருக்கும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளின் இரத்தத்தில் கார்னிட்டைன் வரைபடமும் குலைந்திருந்தது. லிச்சி தின்றுவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தவறவிட்டவர்களுக்கு நோய்க்கான வாய்ப்பு விகிதம் 7.8, லிச்சி தின்றாலும் இரவில் சாப்பிட்டவர்களுக்கு 3.6. பகல் முழுக்கத் தோப்பில் பழம் பொறுக்கித் தின்ற பிள்ளை இரவில் வெறும் வயிற்றோடு படுக்கிறது. ஊட்டமில்லாத உடலின் கல்லீரலில் கிளைக்கோஜன் ஏற்கெனவே குறைவு. அதிகாலையில் அது தீர்ந்து, உடல் கொழுப்பின் பக்கம் திரும்பும்போது, பாதை அடைபட்டிருக்கிறது. அதே லிச்சியை நன்றாகச் சாப்பிட்டு வளரும் குழந்தை தின்றால் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. எனவே பழத்தை மட்டும் குற்றவாளியாக்குவது சரியல்ல என்றே நான் நினைக்கிறேன். இரவில் சாப்பிட்டுப் படுக்க வைப்பதும், மருத்துவமனைக்கு வந்தவுடன் சர்க்கரையை அளந்து குளுக்கோஸ் ஏற்றுவதும்தான் பரிந்துரை. பலன் கிடைத்தது. ஆயினும் 2019-இல் மீண்டும் பீகாரில் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தபின் நேர்ந்த மரணங்கள் அவை.

பிறவிக் குறைபாட்டிலும் இன்னும் ஓர் இடைவெளி மிச்சமிருக்கிறது. பிரிட்டனில் குதிகால் இரத்தம் எடுப்பது ஐந்தாம் நாளில். முடிவு வர இன்னும் சில நாள். ஆனால் தாய்ப்பால் நன்றாகச் சுரக்காத முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே சில எம்கேட் குழந்தைகள் இறந்துவிடுகின்றன. அதனால் அண்ணனுக்கோ அக்காவுக்கோ குறைபாடு இருப்பது தெரிந்தால், பிறக்கும் குழந்தைக்கு முடிவு வரும்வரை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் பால் புகட்டுகிறார்கள். சோதனையையும் முதல் இரண்டு நாளுக்குள் செய்துவிடுகிறார்கள். காரணம் தெரியாமல் இறந்த குழந்தை அந்தக் குடும்பத்தில் உண்டா என்று கேட்பதும் இதற்காகத்தான். அட்டைகளைச் சேமித்து வைக்கும் இடங்களில், ஆண்டுகள் கழித்தும் அந்தப் பழைய இரத்தத் துளியை எடுத்துச் சோதித்து, இறந்த குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று பெற்றோருக்குச் சொல்ல முடிந்திருக்கிறது.